வீட்டுக்குள்ளேயே இருக்கும் வலைப்பக்கம்

வைஃபை கடவுச்சொல்லை மாற்ற நினைத்து பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டுகிறோம். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில், பக்கத்தை அடைய முடியவில்லை என்ற செய்தி வருகிறது. உடனே இணைய இணைப்பின் மேல் சந்தேகம் விழுகிறது. தேடல் தவறான திசையில் போவது இங்கேதான். ரவுட்டரின் அமைப்புப் பக்கம் இணையத்தில் இல்லை. அலமாரியின் மேல் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கிறதே, அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டாலும் பெரும்பாலான ரவுட்டர்களில் அது திறக்கும்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இணையக் கருவிகளுக்கு எண் முகவரி தரும் ஐபி என்ற விதிமுறையின் நான்காம் பதிப்பில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தர அது போதாது. 1996-இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதிமுறை ஆவணம், மூன்று தொகுதிகளை உள் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிவைத்தது: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168 என்று தொடங்குபவை. பொது இணையத்தில் இவற்றுக்குப் பாதை கிடையாது. எல்லா ஊரிலும் ஒரு முதல் தெரு இருப்பதுபோல, எத்தனையோ வீடுகளில் ஒரே 192.168.1.1 மோதலின்றி இருக்க முடிகிறது.

ஆனால் உங்கள் ரவுட்டரின் முகவரியும் அதுவே என்பதற்கு உறுதி இல்லை. 192.168.0.1 ஆக இருக்கலாம், 10.0.0.1 ஆகவும் இருக்கலாம். ஊகிக்கத் தேவையே இல்லை. உங்கள் கருவிக்கே அது தெரியும். வைஃபையில் சேர்ந்த நொடியில், டிஎச்சிபி என்ற ஏற்பாட்டின் வழியே ரவுட்டர் கருவிக்கு ஒரு முகவரியைத் தருகிறது. வெளியே போக வேண்டிய தகவலை எந்த வாசலில் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது. அந்த வாசலின் பெயர்தான் டிஃபால்ட் கேட்வே. விண்டோஸில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளை அதைக் காட்டும். ஐஃபோனில் வைஃபை விவரங்களில் ரவுட்டர் என்ற வரியில் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அந்த எண்தான் நீங்கள் தேடும் முகவரி.

அங்கே கேட்வே வெறுமையாக இருந்து, உங்கள் கருவியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், அது மிக நல்ல துப்பு. முகவரி கேட்டும் யாரும் பதில் தராததால் கருவி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். இனி பிரவுசரோடு போராடிப் பயனில்லை. கேபிளையோ வைஃபை இணைப்பையோ பாருங்கள். கையால் நிலையான முகவரி பதித்த கணினியிலும் இதே போன்ற சிக்கல் வரும். ரவுட்டர் 192.168.1 தெருவில் இருக்க, கணினி 192.168.0 தெருவில் நின்று கூப்பிட்டால் குரல் எட்டாது.

எண் சரியாக இருந்தும் பக்கம் வரவில்லையென்றால், தகவல் வேறு வழியில் போகிறதா என்று பார்க்க வேண்டும். தகவலை மறைகுறியாக்கி வேறொரு கணினி வழியே அனுப்பும் விபிஎன் செயலிகளில் சில, வீட்டுக்குள் போக வேண்டிய தகவலையும் தங்கள் சுரங்கத்துக்குள் இழுத்துக்கொள்ளும். வைஃபையில் இணையம் இல்லை என்று கண்ட கைபேசி, சத்தமின்றி மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். விருந்தினருக்கான வைஃபையில் இருந்தால் ரவுட்டரே கதவை அடைத்துவைத்திருக்கும்; அது பழுதல்ல, பாதுகாப்பு. எனக்கு மிகவும் சிக்கலாகத் தோன்றுவது ஒரே வீட்டில் இரண்டு பெட்டிகள் இருக்கும் நிலைதான். இரண்டும் 192.168.1.1 என்று தங்களைச் சொல்லிக்கொண்டால், எது பதில் சொல்கிறது என்றே தெரியாது. ஒன்றைக் கழற்றிவிட்டு, மற்றொன்றோடு கணினியைக் கேபிளால் நேராக இணைத்துப் பார்ப்பதே தெளிவான வழி.

பிரவுசரும் சில நேரம் குறுக்கே நிற்கும். புள்ளிக்குப் பதில் காற்புள்ளி விழுந்தால் அது தேடுபொறிக்குப் போய்விடும். பழைய ரவுட்டர்கள் பல, வலைப்பக்கங்களை மறைகுறியாக்காமல் அனுப்பும் எச்டிடிபி முறையில் மட்டுமே பேசும். பிரவுசர் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ்ஸைப் பிடிவாதமாகக் கேட்டால் பதில் வராது. முகவரிக்கு முன் http:// என்பதை முழுமையாகத் தட்டிப் பாருங்கள். மாறாக, தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் நம்பகமற்றது என்ற எச்சரிக்கை வந்தால் பதற வேண்டாம். உள் முகவரிகளுக்குப் பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் சான்றிதழ் தருவதில்லை. ரவுட்டர் தனக்குத்தானே கையெழுத்திட்டுக்கொள்கிறது. சொந்த வீட்டில், சொந்த கேட்வே எண்ணுக்கு மட்டும் அதைக் கடந்து போகலாம்.

பக்கம் திறந்து, கடவுச்சொல் மறந்துபோயிருந்தால் முதலில் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். ஊசித் துளை போன்ற ரீசெட் பொத்தானைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். அதைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் வைஃபை பெயர் மட்டுமல்ல, இணைய நிறுவனம் தந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும்கூட அழிந்துபோகலாம். அவற்றை முன்பே எழுதி வையுங்கள். பெட்டி மீண்டும் எழுந்ததும் கேட்வே எண்ணை மறுபடி பாருங்கள். யாராவது முன்பு முகவரியை மாற்றியிருந்தால், இப்போது அது ஆலை தந்த பழைய எண்ணுக்கே திரும்பியிருக்கும்.