எட்டுச் சுற்றுக்கு ஒரு வெடி

வாசகர் ஒருவர் காணொளி ஒன்றை அனுப்பியிருந்தார். அமெரிக்காவில் ஏதோ கண்காட்சி. இரண்டு பக்கமும் பெரிய பிளைவீல் (வேகத்தைச் சேமித்து வைக்கும் கனமான சக்கரம்) மாட்டிய பழைய பெட்ரோல் என்ஜின் ‘டப்’ என்று ஒருமுறை வெடிக்கிறது. அப்புறம் ‘புஸ்… புஸ்… புஸ்…’ என்று ஏழெட்டுச் சுற்று சும்மாவே சுற்றுகிறது. சரி, நிற்கப்போகிறது என்று நினைக்கும்போது மறுபடி ஒரு ‘டப்’. “இது ரிப்பேரா? மேலே ஆவி வேறு கிளம்புகிறதே?” என்று கேட்டிருந்தார்.

ரிப்பேர் இல்லை. அது அப்படித்தான் ஓட வேண்டும்.

1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. ஆனால் மாடு மின்சாரத்துக்காகக் காத்திருக்காது. காலையும் மாலையும் கறந்தாக வேண்டும். கறவை இயந்திரத்தின் வெற்றிடப் பம்பு, பாலிலிருந்து கொழுப்பைப் பிரிக்கும் செபரேட்டர், வெண்ணெய் கடையும் பீப்பாய், தொட்டிக்குத் தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் ஒரு பெல்ட்டைப் போட்டு இழுத்தது இந்த என்ஜின்தான். ஜான் டியர் நிறுவனம் 1923 முதல் 1946 வரை விற்ற ‘மாடல் ஈ’ இந்த வகையில் பேர்போனது. அதில் சின்னது 1.5 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 600 சுற்று.

நான்கு வீச்சு என்ஜின் பள்ளியில் படித்ததுதான்: உறிஞ்சு, அமுக்கு, வெடி, வெளியேற்று. இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி. இன்றைய பைக்கில் வேகத்தைக் குறைக்க திராட்டிலைத் திருப்பி ஒவ்வொரு வெடியையும் சிறிதாக்குகிறோம். இந்த என்ஜின் அப்படிச் செய்யாது. வெடித்தால் முழு வெடி, இல்லையென்றால் வெடியே கிடையாது.

எப்போது வெடிப்பது என்று முடிவு செய்வது யார்? பிளைவீலோடு சேர்ந்து சுற்றும் இரண்டு இரும்புக் குண்டுகள். ராட்டினம் வேகமெடுத்தால் தொங்கும் நாற்காலிகள் வெளியே விரிகிற மாதிரி, வேகம் கூடினால் இவையும் ஸ்பிரிங்கை இழுத்துக்கொண்டு விரியும். விரிந்ததும் ஒரு சின்னக் கொக்கி முன்னே நகர்ந்து, புகை வால்வைத் தள்ளும் தண்டைப் பிடித்துக்கொள்ளும். புகை வால்வு திறந்தபடியே நின்றுவிடும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் இந்த அமைப்புக்குக் கவர்னர் என்று பெயர். அது செய்கிற வேலை இவ்வளவுதான்.

எனக்குச் சலிக்காத இடம் இனிமேல்தான். பெட்ரோல் கலவையை உள்ளே விடும் வால்வைத் திறக்க இந்த என்ஜினில் தண்டும் கிடையாது, கேமும் (சுற்றும்போது வால்வைத் தள்ளிவிடும் மேடுள்ள சக்கரம்) கிடையாது. விரலால் அழுத்தினாலே இறங்கிவிடும் ஒரு நோஞ்சான் ஸ்பிரிங் மட்டும் அதை மூடி வைத்திருக்கிறது. பிஸ்டன் கீழே போகும்போது உண்டாகும் உறிஞ்சலே அதைத் திறக்கிறது. புகை வால்வு திறந்தே இருந்தால்? பிஸ்டன் அந்த வழியாகவே காற்றை இழுத்து அந்த வழியாகவே விடும். உறிஞ்சல் இல்லை, உள் வால்வு அசையாது, பெட்ரோல் வராது. காற்றை அமுக்கும் வேலையும் மிச்சம், அதனால் பிளைவீல் தடையின்றிச் சுற்றும். பல மாடல்களில் தீப்பொறியைத் தட்டுவதும் அதே தண்டுதான் என்பதால் அதுவும் நின்றுபோகும். ஒரே ஒரு கொக்கி! காணொளியில் கேட்ட அந்தப் ‘புஸ்’, என்ஜின் வெறும் மூச்சு விடும் சத்தம். வேகம் சற்றுக் குறைந்ததும் குண்டுகள் சுருங்கும், கொக்கி விடும், ‘டப்’.

பளு ஏறினால் வெடிகள் நெருங்கும். அதனால் மாட்டுக்கொட்டகைக்குள் கறந்துகொண்டிருப்பவருக்கே வெளியே என்ஜின் எவ்வளவு திணறுகிறது என்று காதால் தெரிந்துவிடும். ஒரு குறையும் உண்டு: ஓட்டம் விட்டுவிட்டு இருக்கும். இதில் டைனமோவைக் கட்டினால் விளக்கு கண் சிமிட்டும்.

இதைக் காட்சிப்பொருள் என்று ஒதுக்கவும் முடியாது. 2019 மாடல் செவர்லே சில்வராடோ வண்டியில், தேவைப்படாத வெடிகளைக் கணினி பார்த்துப் பார்த்துத் தவிர்க்கிறது. அங்கே இரண்டு வால்வையும் மூடிவிடுகிறார்கள். எண்ணம் மட்டும் பழையது. நம் பொறியியல் கல்லூரிகள் விலை உயர்ந்த மென்பொருளுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு துளியை எடுத்து, இப்படியொரு என்ஜினைச் செய்து வராந்தாவில் ஓடவிடலாம். கவர்னர் என்றால் என்ன என்பது ஒரு பருவத் தேர்வுக்குப் பின்னும் மறக்காது.

ஆவியா? சிலிண்டரைச் சுற்றித் திறந்த தொட்டியில் தண்ணீர் நிற்கிறது. ரேடியேட்டர் இல்லை, பம்பு இல்லை. கொதித்து ஆவியாகும் ஒவ்வொரு கிராம் தண்ணீரும் சுமார் 540 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். குறைந்தால் ஒரு வாளி ஊற்றினால் போதும். அமெரிக்காவின் வடக்கே விஸ்கான்சின் மாநிலத்துப் பக்கத்துக் குளிரில் மட்டும், ராத்திரி அந்தத் தண்ணீரை வடிக்க மறந்தால், உறைந்து விரிந்து வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். காணொளியை நிறுத்திப் பாருங்கள்: தொட்டியின் இடது ஓரத்தில், பெயின்டுக்கு அடியில், மேலிருந்து கீழாக ஒரு வெல்டிங் தழும்பு தெரிகிறது.