டோரி பைன்: பெயர் வந்த கதையும் தமிழில் எப்படிச் சொல்வது என்பதும்

கோல்ஃப் பார்ப்பவர்களுக்கு 'டோரி பைன்ஸ்' என்றால் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள சான் டியேகோ மைதானம்தான், 2008, 2021 இரண்டிலும் யு.எஸ். ஓப்பன் நடந்த இடம். அந்தப் பெயர் அங்கே கடலைப் பார்த்தபடி மணற்பாறைச் சரிவுகளில் நிற்கும் மரத்துடையது.

'டோரி' என்பது ஆளின் பெயர். 1850இல் அமெரிக்க–மெக்சிகோ எல்லை அளவைக் குழுவோடு வந்த சார்லஸ் பாரி இந்த மரத்தைப் பார்த்து, நியூயார்க்கில் இருந்த தன் ஆசான், தாவரவியலாளர் ஜான் டோரியின் பெயரை வைத்தார். அதற்கு முன்பே ஸ்பானியக் கப்பல்காரர்களுக்கு அந்த இடம் 'மரங்களின் முனை'. மொட்டைக் கரையில் மரம் தெரிவதே அவர்களுக்கு அடையாளம். பக்கத்துச் சோலெதாத் பள்ளத்தாக்கை வைத்து 'சோலெதாத் பைன்' என்றும் சொல்வதுண்டு. ஸ்பானியத்தில் சோலெதாத் என்றால் தனிமை, அது இந்த மரத்துக்கு இன்னும் பொருத்தம் என்பேன். ஏனென்றால் உலகத்தில் இது தானாக வளர்வது இரண்டே இடம்: சான் டியேகோ கரையோரத் துண்டு, அங்கிருந்து சுமார் 280 கி.மீ. தள்ளி சாண்டா ரோசா தீவு. எல்லாம் சேர்த்தாலும் சில ஆயிரம் மரங்கள்தான். கோடையில் மழையே கிடையாது, ஆனால் கடல்மூடுபனி வந்து நீண்ட ஊசிகளில் படிந்து சொட்டுச் சொட்டாக வேரடியில் விழும், அதுவும் இதற்குத் தண்ணீர்.

சரி, 'பைன்'? லத்தீன் 'பீனுஸ்' வழி வந்தது. கொழுப்பு என்ற பொருளுள்ள பழைய வேர் ஒன்றோடு மொழியறிஞர்கள் பலர் இதை இணைக்கிறார்கள், மரம் பிசின் வடிப்பதால். நம் 'பிசி'னோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள், ஓசை மட்டும்தான் ஒத்துப்போகிறது.

தமிழில் பைனைத் 'தேவதாரு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது இமயமலையின் வேறு மரம், சீடர் வகை. 'ஊசியிலை மரம்' என்றால் ஃபிர், ஸ்புரூஸ் போன்ற வேறு மரங்கள் எல்லாம் உள்ளே வந்துவிடும். 'சரளம்' நல்ல பழைய சொல், வடமொழியில் இமயமலைப் பைனுக்குப் பெயர். நேரானது என்று பொருள், 'சரளமாகப் பேசுகிறார்' என்கிறோமே, அதே சொல்தான். ஆனால் பாறை முனையில் காற்று வளைத்து முறுக்கிவைத்த டோரி பைனுக்கு அதைச் சூட்டினால் சிரிப்பு வரும். (தோட்டத்தில் தண்ணீர் விட்டு வளர்த்தால் இதே மரம் உயரமாக நிமிர்ந்துவிடும் என்பது வேறு விஷயம்.) 'கடலோரப் பைன்' என்றால் மத்தியதரைக் கடல்பக்க மரம் ஒன்றுக்கு ஏற்கெனவே கிட்டத்தட்ட அந்தப் பெயர் இருக்கிறது.

நம் கடற்கரைச் சவுக்கைப் பார்த்து 'இதுவும் பைன்தானே' என்று கேட்பார்கள். சவுக்கின் 'ஊசி'யை இழுத்துப் பாருங்கள், கணுக்கணுவாகக் கழன்று வரும், அது இலையே அல்ல, கிளை. டோரி பைனின் ஊசிகள் ஐந்தைந்தாக ஒரே உறையில் செருகியிருக்கும், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம் அல்லது அதற்கு மேல், ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஒரே உருளைக் குச்சி ஆகிவிடும்.

என்னைக் கேட்டால் பைன் என்பதைப் பைன் என்றே வைத்துக்கொள்ளலாம். தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்பவர்களுக்கு 'நெய்தல் ஐயூசிப் பைன்': திணையும் வந்துவிடும், ஊசிக் கணக்கும் வந்துவிடும்.