ஆக்ஸிஜன் எதிர்ப்பியா, ஆக்ஸிஜனேற்றத் தணிப்பியா?

மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டுடன் வீடு திரும்பிய என் பெரியம்மா, மருந்துப் பையில் இருந்த தமிழ்த் துண்டுத்தாளை என்னிடம் நீட்டினார். "ஏம்பா, ஆக்ஸிஜனை எதிர்க்கிற மாத்திரைன்னு போட்டிருக்கே, கொரோனா சமயத்துல அது கிடைக்காமத்தானே அத்தனை பேர் தவிச்சாங்க, இதை நான் எதுக்கு முழுங்கணும்?" என்று கேட்டார். அது வைட்டமின் சி மாத்திரை. தாளில் 'ஆக்ஸிஜன் எதிர்ப்பி' என்று அச்சிட்டிருந்தார்கள். நலவாழ்வுப் பக்கங்களிலும் காணொளிகளிலும் பலமுறை கண்டு பொறுத்துக்கொண்ட சொல்தான் என்றாலும், அது ஒரு நோயாளியை அச்சுறுத்தியதைக் கண்ட பிறகு பொறுக்க முடியவில்லை.

ஆங்கில மூலச் சொல்லான 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்பதன் வரலாறு சிறியது. புளிப்பை, அதாவது அமிலத்தைப் பிறப்பிப்பது என்ற பொருளில் கிரேக்க வேர்களைக் கொண்டு 1777-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே ஆக்ஸிஜனுக்குப் பெயரிட்டார். எல்லா அமிலங்களிலும் அது உண்டு என்று அவர் எண்ணியது பிழையானாலும் பெயர் நிலைத்துவிட்டது. ஆக்ஸிஜனோடு சேர்வதைக் குறித்த 'ஆக்ஸிஜனேற்றம்', பின்னர் எலக்ட்ரானை இழக்கும் எல்லா வினைகளுக்கும் பொதுப்பெயரானது. ரப்பர் வெடிப்பு விடாமலும் எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமலும் காக்கும் பொருள்களுக்குத் தொழிற்சாலைகளில் வழங்கிய பெயர்தான் பிறகு உடலுக்குள்ளும் வந்தது.

'ஆக்ஸிஜன் எதிர்ப்பி' என்பதன் முதற்குறை, 'ஏற்றம்' என்ற உயிர்நாடியான சொல்லை விழுங்கிவிட்டதாகும். இப்பொருள்கள் ஆக்ஸிஜன் என்னும் வளியை எதிர்ப்பவை அல்ல. ஆக்ஸிஜனேற்றம் என்ற வினையின் வேகத்தையும் பரவலையும் குறைப்பவை. இரண்டாவது குறை 'எதிர்ப்பி' என்ற பகுதியில் இருக்கிறது. நுண்ணுயிர் எதிர்ப்பி என்ற சொல் நன்கு வேரூன்றிவிட்டதால், எதிர்ப்பி என்று கேட்டவுடனே உடலுக்குள் புகுந்த ஒரு பகையை அழிக்கும் மருந்து என்றே மக்கள் கொள்கிறார்கள். நறுக்கிய வாழைப்பூவை நம் வீடுகளில் மோரில் போட்டு வைக்கிறோம். மோரின் புளிப்பு, பூவைக் கறுக்கச் செய்யும் நொதியை மந்தப்படுத்துகிறது. ஆனாலும் நெடுநேரம் விட்டால் விளிம்புகள் மெல்லக் கறுக்கத்தான் செய்யும். அங்கே நடப்பது எதிர்ப்பு அன்று, தணிப்பு.

காயத்தைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு வெறும் இலக்கணப் பூசலாக நின்றுவிடுவதில்லை. காயம்பட்ட இடத்துக்கு விரைந்து வரும் வெள்ளணுக்கள், ஆக்ஸிஜனிலிருந்து உருவாக்கும் வீரியமான மூலக்கூறுகளைக் கொண்டே கிருமிகளைக் கொல்கின்றன. அவற்றை உருவாக்க இயலாத பரம்பரைக் குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைகள் மீண்டும் மீண்டும் கடுமையான தொற்றுக்கு ஆளாகிறார்கள். வரிக்குதிரை மீன் குஞ்சுகளின் வால் துடுப்பை வெட்டி ஆராய்ந்தவர்கள், வெட்டுவாயில் எழும் ஹைட்ரஜன் பெராக்சைடே வெள்ளணுக்களை அங்கே அழைக்கும் குறி என்று 2009-இல் காட்டினார்கள். காயத்தை ஆற்றும் வேலையின் ஒரு பகுதியாகவே உடல் செய்துகொள்ளும் ஒன்றை முற்றிலும் ஒடுக்க வேண்டிய பகையாகக் காட்டும் சொல், மாத்திரை கூடக்கூட நன்மையும் கூடும் என்ற நம்பிக்கையைத்தான் விதைக்கும்.

ஆய்வுகளோ அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. மணிக்கட்டு முறிவுக்குப் பின் சிலருக்குக் கை வீங்கி, தீராத வலி தொடர்வதுண்டு. நெதர்லாந்தில் நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் வைட்டமின் சி உட்கொண்டவர்களில் 7 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை உட்கொண்டவர்களில் 22 விழுக்காட்டினருக்கும் அது வந்ததாக 1999-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 336 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில் அத்தகைய பயன் எதுவும் தெரியவில்லை. உடற்பயிற்சிக்குப் பின் வரும் தசைவலியைப் பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மதிப்பாய்வும், இத்தகைய பொருள்களைக் கூடுதலாக உட்கொள்வதால் உணரத்தக்க அளவில் வலி குறையவில்லை என்றே முடித்தது. மேலும், புண் ஆற வைட்டமின் சி தேவைப்படுவதற்குத் தலையாய காரணம், தோலையும் எலும்பையும் தாங்கும் புரதமான கொலாஜனின் இழைகள் உறுதிப்பட அது வேண்டியிருப்பதே. அந்தப் பணியை 'எதிர்ப்பி' என்ற பட்டம் முழுவதுமாக மறைத்துவிடுகிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் பாடநூலைப் புரட்டிப் பார்ப்பதே இல்லையோ என்று வருந்துகிறேன். இணையில்லாத எலக்ட்ரானைக் கொண்டு எளிதில் வினைபுரியும் 'ஃப்ரீ ரேடிக்கல்' என்பதற்கு வேதியியல் பாடநூல்களில் 'தனி உறுப்பு' என்ற நல்ல சொல் இருக்க, 'இலவசத் தீவிரவாதிகள் செல்களைத் தாக்குகின்றன' என்ற வரியை நானே படித்திருக்கிறேன்.

ஆகவே 'ஆக்ஸிஜனேற்றத் தணிப்பி' என்று சொல்வதே தகும் என்பது என் கருத்து. 'ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்' என்பதையும் தவறென்று தள்ளமாட்டேன். ஆயினும் தடுப்பது முற்றாக நிறுத்துவதாகப் பொருள்படக்கூடும். தூய தமிழ் வேண்டுவோர் 'உயிர்வளியேற்றத் தணிப்பி' என்று எழுதலாம், ஆனால் எலக்ட்ரான் இழப்பைப் பயிலும் மாணவருக்கு உயிரும் வளியும் ஏன் வந்தன என்று விளக்க வேண்டியிருக்கும். இலங்கைப் பாடநூல்களின் 'ஒட்சியேற்றம்' இவ்வகையில் நம்முடையதைவிடச் சிறந்தது; வளியின் முழுப்பெயரைச் சுமக்காமலே வினையைச் சுட்டிவிடுகிறது. 'ஒட்சியேற்றத் தணிப்பி' என்று யாரேனும் எழுதினால் மகிழ்ச்சியோடு ஏற்பேன்.