போஸ்டருக்கு முன்னால் நிற்கப்போவது யார்?

கருத்தரங்குகளில் வைக்கப்படும் போஸ்டர்களில் பல, ஆய்வுக் கட்டுரையை அப்படியே பெரிதாக்கியவை. முன்னுரை, வழிமுறை, முடிவுகள், மேற்கோள்கள் என்று ஆயிரம் சொற்களைத் தாண்டும். பாடுபட்டுச் செய்த ஆய்வை யாரும் நின்று படிக்காமல் போவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. பவர்பாயின்டைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள்: யார் பார்க்கப் போகிறார்கள், பார்த்தபின் அவர்கள் என்ன செய்ய வேண்டும்.

தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடு பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். நிலவேதியியல் கருத்தரங்கென்றால், பாறையின் எந்தக் கனிமத்திலிருந்து ஃபுளோரைடு கரைகிறது, நீரில் கால்சியம் குறையும்போது அது ஏன் கூடுகிறது என்றுதான் கேட்பார்கள். நீரில் கரைந்துள்ள அயனிகளின் விகிதத்தைக் காட்டும் பைப்பர் வரைபடம் நடுவில் இருக்கலாம். அயனிச் சமநிலைப் பிழை (அளந்த நேர், எதிர் அயனிகளின் மின்சுமைகளுக்கு இடையிலான வேறுபாடு) எத்தனை சதவீதம் என்பதும் இருந்தாக வேண்டும். அதே ஆய்வைக் குடிநீர்ப் பொறியாளர்களும் சுகாதார அலுவலர்களும் கூடும் பயிலரங்குக்குக் கொண்டுபோனால் பைப்பர் வரைபடத்தை எடுத்துவிடுங்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகள் எந்தெந்த ஊரில், அங்கே ஒகேனக்கல் குடிநீர் வருகிறதா என்று காட்டும் ஒன்றிய வாரியான வரைபடம்தான் அவர்களுக்கு வேண்டும். வழிமுறைக்கு இரண்டு வரி போதும். தலைப்பிலேயே முடிவைச் சொல்லிவிடலாம்.

ஆள் யாரென்று தெரிந்துவிட்டால் எதை வெட்டுவது என்பதும் தெரிந்துவிடும். 300 முதல் 500 சொற்களுக்குள் நிறுத்துங்கள்.

அளவை அமைப்பாளர்களின் அறிவிப்பில் பாருங்கள். ஏ0 என்றால் 841 × 1189 மில்லிமீட்டர்; நிமிர்ந்ததா கிடைமட்டமா என்பதையும் உறுதி செய்யுங்கள். தலைப்பு எழுத்து 85 புள்ளி, உள்ளெழுத்து 28 புள்ளி அளவில் இருந்தால் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று படிக்கலாம். அச்சுக்கு முன் ஏ4 தாளில் ஒரு பிரதி எடுங்கள். அதில் எல்லாம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துப் படிக்க முடியாதது போஸ்டரிலும் படிக்க முடியாது.

அதிகம் சொதப்புவது படங்கள்தான். கட்டுரையில் 8 சென்டிமீட்டர் அகலத்தில் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருந்த படத்தை 40 சென்டிமீட்டருக்கு இழுத்தால் மிஞ்சுவது 60 டிபிஐ. கோடுகள் மங்கும், வரைபடத்தின் x, y அச்சுகளில் உள்ள எண்கள் கலங்கும். மூலத் தரவிலிருந்து வரைபடத்தைப் புதிதாக வரைந்து, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் வடிவில் சேருங்கள். பாதுகாப்பான கிணறு பச்சை, ஆபத்தானது சிவப்பு என்று மட்டும் பிரிக்காதீர்கள். சிவப்பு-பச்சை நிறக்குறை உள்ளவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். ஒன்றை வட்டமாகவும் மற்றதை முக்கோணமாகவும் போடுங்கள்.

தமிழ் எழுத்து இருந்தால் பவர்பாயின்ட் கோப்பை அச்சகத்துக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். அந்த எழுத்துரு அவர்கள் கணினியில் இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். க்யூஆர் குறியீடு வைப்பதானால் பொறியாளருக்குக் கிணறுவாரிப் பட்டியலும் நிலவேதியியலாளருக்கு முழுத் தரவும் திறக்கட்டும்.