மௌசை அவர்கள் கையிலேயே விடுங்கள்

இணையத்துக்குப் புதிதாக வருகிறவருக்கு உதவுகிறோம் என்று எண்ணி, எல்லாவற்றையும் நாமே செய்து முடித்துக் கொடுத்துவிடுகிறோம். அவருக்கு அதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் பயிற்றுநராகத் தொடங்கி, இன்று பெரியவர்களுக்கு ஸ்மார்ட்போன் வகுப்பு எடுப்பதுவரை என் பிழைப்பு இந்தத் தொழிலில்தான். அந்த அனுபவத்தில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அன்றைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியபோது அது பெருநகரங்களின் சமாச்சாரமாக இருந்தது. 1998 நவம்பரில் தனியாருக்கும் அனுமதி கிடைத்த பிறகே இணைப்பு பரவலானது. எங்கள் சென்டருக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மாணவர்கள். தேர்வு முடிவு வருகிற நாளில் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. மீதிப் பேர் வளைகுடாவில் பிள்ளைகளையோ கணவரையோ வைத்திருந்தவர்கள். மேலப்பாளையத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் மின்னஞ்சல் முகவரி எழுதிய துண்டுச் சீட்டைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவருவார்கள். சீட்டை நீட்டி, "இதைக் கொஞ்சம் திறந்து படித்துச் சொல்லுங்கள் தம்பி" என்பார்கள்.

திறந்து படித்துச் சொல்வது இரண்டு நிமிட வேலை. அடுத்த வாரமும் அவர் அதற்காகவே வருவார், கடைக்கும் வருமானம். ஆனால் மகன் தாய்க்கு எழுதிய கடிதத்தை ஊரார் வாயால் கேட்டுத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டுமா?

முதல் தடை பயம். "எதையாவது அழுத்திக் கெடுத்துவிட்டால்?" என்று கேட்காதவர் குறைவு. அதனால் முதல் வகுப்பில் இணையத்தையே தொடமாட்டேன். கணினியில் பெயிண்ட் என்று ஒரு படம் வரையும் மென்பொருள் இருக்கும், அதைத் திறந்து வைப்பேன். மௌஸ் பழகச் சீட்டாட்டம் நல்லது என்று அப்போது எல்லோரும் சொல்வார்கள். நம் ஊரில் ஒரு குடும்பத்துப் பெண்ணைச் சீட்டாட உட்கார வைக்க முடியாது. கோலம் போடச் சொன்னால் கை தானாக நகரும். முக்கூடலிலிருந்து வந்த பீடி சுற்றும் அக்கா ஒருவர், மௌஸ் மேசை விளிம்புக்கு ஓடிவிட்டால் அப்படியே திகைத்து நிற்பார். அதைத் தூக்கி நடுவில் வைக்கலாம், திரையில் அம்பு நகராது என்று காட்டியதும் அவர் முகம் தெளிந்தது. ஐந்து புள்ளிக் கோலத்தைச் சிக்கில்லாமல் முடித்தார். அதற்குள் அழுத்திப் பிடித்து இழுக்கும் வித்தை கைவந்துவிட்டது.

டபுள் கிளிக் வேறு கதை. இரண்டு அழுத்தலுக்கும் நடுவில் கை லேசாக நகர்ந்துவிடும், கோப்பு திறக்காது, இடம் மாறிவிடும். இதற்காக யாரையும் வருத்த வேண்டியதில்லை. ஒருமுறை கிளிக் செய்துவிட்டு என்டர் விசையைத் தட்டச் சொன்னால் போதும். மின்னஞ்சல் முகவரியில் வருகிற அந்தச் சுழித்த குறிக்கு (@) ஷிப்ட் விசையை அழுத்தியபடியே 2-ஐத் தட்ட வேண்டும். முதலில் இதை, பிறகு அதை என்று சொல்லிக்கொடுத்தால் திரையில் வெறும் 2 வந்து நிற்கும். விடாமல் பிடித்திருங்கள் என்று சொல்ல வேண்டும்.

பொறுமையையும் பாடமாகவே வைக்க வேண்டியிருந்தது. கணினியைத் தொலைபேசி வழியாக இணையத்தோடு இணைத்த 56 கே மோடம் என்ற கருவியில் எல்லாம் சரியாக இருந்தாலும் நொடிக்கு 7 கிலோபைட்டுக்கு மேல் வராது. நடைமுறையில் அதுவும் கிடைக்காது. ஒரு புகைப்படம் மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கும். புதியவர் அது நின்றுவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கிளிக் செய்வார். அது வந்துகொண்டிருக்கிறது என்பதைத் திரையின் கீழ்ப்பட்டையில் பார்க்கப் பழக்க வேண்டியிருந்தது. வீட்டில் இணைப்பு வைத்திருந்தவர்களுக்குத் தொலைபேசிக் கட்டணமும் சேர்ந்து ஓடும். கடிதத்தை முதலிலேயே கணினியில் இருக்கும் நோட்பேடில் எழுதி முடித்துவிட்டு, பிறகு இணைப்பைப் போட்டு ஒட்டி அனுப்பச் சொல்லிக்கொடுத்தேன்.

ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களை என்ன செய்வது? இன்பாக்ஸ், கம்போஸ், ரிப்ளை, சென்ட், சைன் அவுட். இந்த ஐந்து சொற்களின் உருவத்தைத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தோம். இதில் கவனம் தேவை. இடதுபக்கம் மூன்றாவது பொத்தான் என்று இடத்தைச் சொல்லிக்கொடுத்தால், தளத்தின் அமைப்பு மாறிய அன்றே அவர் வழி தெரியாமல் நிற்பார். உருவத்தைப் படித்தவர் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். தமிழில் எழுதிய கடிதம் இன்னொரு தொல்லை. அனுப்பியவர் பயன்படுத்திய எழுத்துரு இங்கே இல்லையென்றால் திரை முழுக்கக் குப்பைக் குறிகள்தான். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு என்ற முறையில் தமிழோடு விண்டோஸ் 2000 வந்த பிறகுகூடப் பழைய எழுத்துருக்கள் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தன.

இனி பாஸ்வேர்டு. என்னை இன்றும் கொதிக்க வைப்பது இதுதான். வாடிக்கையாளர்களின் முகவரிகளையும் பாஸ்வேர்டுகளையும் ஒரு நோட்டில் எழுதி மேசையிலேயே வைத்திருந்த சென்டரை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், "அவர்கள் மறந்துவிடுகிறார்கள் அண்ணாச்சி" என்று பதில். மறப்பார்கள்தான். அதற்கு மருந்து, அவர்களே தேர்ந்தெடுத்து, அவர்களே தட்டி, தங்கள் வீட்டில் தாங்களே எழுதி வைத்துக்கொள்வது. அந்தக் கடை மூடியபோது நோட்டோடு எத்தனை பேரின் கடிதங்கள் போயினவோ. பாஸ்வேர்டு மறந்தால் கேட்கப்படும் ரகசியக் கேள்வியும் நம் ஊருக்கு ஒத்துவராது. உங்கள் அம்மா பிறந்த ஊர் எது என்று கேட்கிறான், அது தெரு முழுக்கத் தெரியும்! உண்மையான விடையைக் கொடுக்காதீர்கள், உங்களுக்கு மட்டும் நினைவிருக்கும் வேறொரு சொல்லைப் போடுங்கள் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன்.

எழுந்து போகுமுன் சைன் அவுட் செய்வதை மட்டும் ஒவ்வொரு முறையும் என் கண்முன்னால் செய்யச் சொல்வேன். திரையில் இருக்கும் ஜன்னலை மூடிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். அதேபோல, பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்ளவா என்று கணினி கேட்டால் வேண்டாம் என்றே சொல்ல வேண்டும். தெரிந்தவரிடமிருந்து வந்தாலும் மின்னஞ்சலோடு எதிர்பாராமல் வருகிற கோப்பைத் திறக்கக் கூடாது என்பதற்கு 2000 மே மாதத்து 'ஐ லவ் யூ' வைரஸ் நல்ல பாடமாக அமைந்தது. அது தெரிந்தவர் பெயரிலேயே, காதல் கடிதம் போல வந்தது. திறந்தவரின் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் தானாகவே போனது.

மோடம் போய்விட்டது, எல்லாவற்றையும் நாமே செய்து கொடுக்கும் பழக்கம் போகவில்லை. புதுப் போன் வாங்குகிற பெரியவருக்குக் கடைக்காரர் தன் விருப்பம்போல ஒரு ஜிமெயில் முகவரியும் பாஸ்வேர்டும் போட்டுக் கொடுக்கிறார். பெரியவருக்கு அந்த முகவரிகூடத் தெரியாது. ஏதோ கோளாறு வந்து போனை முழுதாக அழித்துத் தொடங்கும்போது பழைய கணக்கைக் கேட்கும், அங்கே மாட்டிக்கொள்வார். யு.பி.ஐ. ரகசிய எண் பேரனுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தெரியும், சில வீடுகளில் மளிகைக் கடைக்கும் தெரியும். பிறகு யாரோ ஒருவன் பணம் அனுப்புகிறேன், ரகசிய எண்ணைப் போடுங்கள் என்றால் போட்டுவிடுகிறார்கள். பணம் பெறுவதற்கு அந்த எண் தேவையே இல்லை என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

வீட்டில் அப்பாவுக்கோ ஆச்சிக்கோ சொல்லிக்கொடுப்பவர்கள் ஒரு நூறு ரூபாயை உங்கள் கணக்குக்கு அவரையே அனுப்பச் சொல்லுங்கள். எண்ணைப் போடும்போது நீங்கள் வேறு பக்கம் பாருங்கள். பிறகு நீங்கள் அவருக்குத் திருப்பி அனுப்புங்கள். தான் எதையும் தட்டாமலே பணம் வந்து சேர்வதை அவர் கண்ணால் பார்க்கட்டும். ஏமாந்துவிட்டால் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து ஒளித்துவைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரனுக்குத்தான் லாபம். 1930 என்ற உதவி எண்ணை உடனே அழைத்தால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் வங்கி அதை நிறுத்திவைக்க வாய்ப்பிருக்கிறது.