கரையின் முதுகைத் திரும்பிப் பாருங்கள்

மழை வெறித்த ஞாயிற்றுக்கிழமைகளில் கன்னியாகுமரி மாவட்டத்துச் சிற்றாறு அணைக்கரையில் நல்ல கூட்டம் இருக்கும். ஒரு பக்கம் நிறைந்து கிடக்கும் வெள்ளம், அதற்கப்பால் ரப்பர் தோட்டம், அதற்கும் மேலே மலை. எல்லோருடைய போனும் அந்தப் பக்கமே திரும்பியிருக்கும். ஆனால் அணை எப்படி இருக்கிறது என்பதைச் சொல்வது எதிர்ப்பக்கத்துப் புல் சரிவு. அங்கே யார் கண்ணும் போவதில்லை.

சிறுவயதில் எங்கள் தெருவில், லஸ்கராக, அதாவது அணையைக் கண்காணிக்கும் ஊழியராக, வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருந்தார். கரைக்குள் வெள்ளம் கசியுமா என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். "கசியாத கரை உண்டுமா மக்ளே? தெளிஞ்சு வந்தா வரட்டு. கலங்கி வந்தாத்தான் பயப்படணும்" என்றார். பின்னாளில் மண்ணியல் படித்தபோது அவர் சொன்னதுதான் பக்கம் பக்கமாக விரிந்தது.

மண்ணால் கட்டிய எந்தக் கரையும் நனையும். அணையில் நிற்கும் நீர், ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் சதுர மீட்டருக்கு ஒரு டன் வீதம் அழுத்துகிறது. நீர்ப்பரப்பு ஒரு மைல் நீளமா பத்து மைல் நீளமா என்பது கரைக்குத் தெரியாது. ஆழம் மட்டும்தான் தெரியும். அந்த அழுத்தத்தில் நீர் மண்துகள்களின் இடுக்குகளில் புகுந்து, மெல்ல மெல்லக் கீழிறங்கி மறுபுறம் போகிறது. கரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நனைந்த மண்ணுக்கும் காய்ந்த மண்ணுக்கும் நடுவே சாய்வாக ஒரு கோடு ஓடும். அது கரையின் அடிவாரத்துக்குள்ளேயே, வடிகாலில் போய் முடிந்தால் நல்லது. சரிவின் நடுவயிற்றில் வெளியே வந்தால் மண் ஊறி இளகும். சரிவு வழுக்கிக்கொண்டு இறங்கலாம். பங்குனி வெயிலில் சுற்றிலும் புல் கருகிக் கிடக்க, சரிவில் ஓரிடம் மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

இனி, கலங்கல். வயல் வரப்பில் நண்டு வளை விழுந்தால் என்ன ஆகும் என்று கும்பப்பூ நெல் நட்டவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயங்காலம் விரல் நுழையும் ஓட்டை, விடியும்போது வரப்பையே கொண்டுபோயிருக்கும். கரையிலும் அதேதான் நடக்கிறது, ஒரு வேறுபாட்டோடு: கரைக்குள் நீர் தானே வளை தோண்டும், அதுவும் பின்பக்கமிருந்து. கசிவு வெளிவரும் வாயில் முதலில் சில மண்துகள்கள் உதிர்கின்றன. அந்த அளவுக்கு நீர் கடக்கும் தூரம் குறைகிறது. தூரம் குறைந்தால் வேகம் கூடுகிறது. வேகம் கூடினால் இன்னும் மண் உதிர்கிறது. இப்படியே அந்தக் குழல் நீரை நோக்கிப் பின்னோக்கி வளரும். நீரைத் தொட்டுவிட்டால் மிஞ்சியிருப்பது மணிக்கணக்கு மட்டும். அமெரிக்காவின் டீட்டன் அணையில் 1976 ஜூன் 5 அன்று காலையில் கலங்கலாக ஊற்று தெரிந்தது. நண்பகலுக்குள் அணை உடைந்தது.

கசிவை முழுக்க அடைக்க முடியாது. அதற்கு நல்ல வழி காட்டலாம். களிமண் நடுச்சுவருக்குப் பின்னால் மணலும் சரளையும் அளவு பார்த்து அடுக்குகிறார்கள்: நீர் தாராளமாகப் போகவேண்டும், மண்துகள் சிக்கிக்கொள்ளவேண்டும். எந்த மண்ணுக்கு எந்தப் பருமணல் என்ற கணக்கை 1920களில் மண் பொறியாளர் கார்ல் டெர்சாகி வகுத்தார். அணைகளின் வரலாற்றில் இதைவிட அதிக உயிர்களைக் காத்த கணக்கு குறைவு என்றே நான் நினைக்கிறேன்.

வடிந்த நீரை அளக்கும் கருவியும் எளிமையானது: 'வி' வடிவில் வெட்டிய ஒரு தகடு. செங்கோண வெட்டில் நீர் 5 செ.மீ. உயரம் நின்றால் 10 லிட்டர் வாளி நிறைய 13 நொடி ஆகும். 10 செ.மீ. நின்றால் இரண்டேகால் நொடி போதும். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் கூடுகிறது. அதனால் விரற்கடை மாற்றமும் பெரிய செய்திதான். ஆனால் அந்த எண்ணைத் தனியாக வைத்து ஒன்றும் சொல்லமுடியாது. சிற்றாற்றின் முழு மட்டம் 18 அடி. போன வருஷம் 16 அடியில் வந்த கசிவும் இந்த வருஷம் அதே 16 அடியில் வருவதும் ஒன்றா என்றுதான் பார்க்கவேண்டும். குறிப்பேடு தொடர்ந்து எழுதப்படாத அணைக்குத் தகடு இருந்தும் பயனில்லை.

கரையில் மரம் வளரவிடக்கூடாது என்பதற்கும் காரணம் இதே குழல்தான். பட்டுப்போன மரத்தின் வேர் மக்கினால் நீருக்கு ஆயத்த வழி கிடைக்கிறது. இன்னொன்றும் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் நம் மாவட்டத்து ரப்பர் மரங்கள் வேரோடு சாய்ந்ததை நினைத்துப் பாருங்கள். சாய்ந்த மரம் தன் அடியில் ஒரு பள்ளத்தை விட்டுப்போகும். அந்தப் பள்ளம் அணைக்கரையில், அதுவும் நிறைமழை நாளில் விழுந்தால்?

மண் கரை கொஞ்சமும் தாங்காதது, தலைக்கு மேல் நீர் வழிவதை. 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தின் மச்சு இரண்டாம் அணை அப்படித்தான் போனது; மோர்பி நகரம் மூழ்கியது. இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கொட்டுவதால் மறுகால் வழியில், அதாவது மிகைநீர் வெளியேறும் பாதையில், செடிகொடி அடைந்து கிடக்கக் கூடாது. பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்தது. நூறு வருஷத்துக்குப் பிறகு, அணைகள் புனரமைப்புத் திட்டத்தில் அதற்குக் கூடுதல் மறுகால் கட்டப்பட்டது.

பேச்சிப்பாறை பெரிய அணை, கவனிப்பு கிடைத்தது. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும்தான் பொருந்தும். அதற்கும் சின்னதான குளக்கரைகளும் தடுப்பணைகளும் வெளியே நிற்கின்றன. படகு விடுவதும் பிள்ளைகள் குதித்து நீந்துவதும் பெரும்பாலும் இவற்றில்தான். 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் திவரே என்ற சின்ன மண் அணை இரவில் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கொண்டுபோனது. கசிவைப் பற்றி முன்பே புகார் கொடுத்திருந்ததாக ஊர்மக்கள் சொன்னார்கள்.

அடுத்த முறை கரைக்குப் போகும்போது பின்சரிவையும் ஒரு படம் எடுங்கள். அடுத்த வருஷம் அதே இடத்தில் நின்று இன்னொன்று எடுங்கள். அன்றைய நீர்மட்டத்தையும் தேதியையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். ஊறல் கலங்கித் தெரிந்தால் படத்தை வைத்துக்கொண்டு யோசிக்கவேண்டாம்; அந்த இடத்திலிருந்தே அணைக் காவலரைக் கூப்பிடுங்கள்.