கணக்கில் வராத கிணறு

"எகனாமிக்ஸ் படிச்சுட்டு எதுக்கு சார் கிணத்தை எட்டிப் பார்க்கறீங்க?" கல்லூரிகளுக்குப் பேசப் போனால் யாராவது ஒரு மாணவர் இதைக் கேட்டுவிடுகிறார். நியாயமான கேள்வி.

சுற்றுச்சூழல், காலநிலைக் கொள்கைகளை ஆராய்வது என் தொழில். ஓர் ஆலையோ அணையோ கடல் தடுப்புச் சுவரோ வந்தால் லாபம் யாருக்கு, செலவு யார் தலையில் விடிகிறது என்று பார்க்க வேண்டும். லாபத்தைக் கணக்கிடுவது சுலபம். ஏற்றுமதி, சம்பளம், வரி எல்லாவற்றுக்கும் காகிதம் இருக்கும். நஷ்டத்துக்குப் பெரும்பாலும் காகிதம் இருக்காது. எழுதி வைக்காத நஷ்டம் எங்கள் அட்டவணையில் பூஜ்யமாகத்தான் விழும்.

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றைப் பாருங்கள். பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். பிடித்ததும் உப்பின் வேலை முடிந்தது, கழிவுநீரோடு வெளியே போய்விடும். மற்ற கழிவைப் போல உப்பு மக்காது; ஆற்றில் இறங்கி, அப்புறம் நிலத்தடிக்கும் போய்த் தங்கிவிடும். பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கும் குட்டையாகிப்போனது. அணைத் தண்ணீரே எங்களுக்கு வேண்டாம் என்று விவசாயிகள் சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அன்றாடக் கூலிக்கு வேலை பார்த்தவர்களின் அடுப்பும் அதோடு அணைந்தது. அந்த நஷ்டத்தையும் நான் எழுதித்தான் ஆக வேண்டும். அத்தனை வருடமும் பனியன் விலையில் அந்த உப்பின் செலவு சேரவே இல்லை.

இப்படி அடுத்தவர் தலையில் விழும் செலவை வரி போட்டு விலைக்குள் கொண்டுவரலாம் என்று ஆர்தர் பிகு என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1920லேயே எழுதிவிட்டார். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று, பாலாற்றில் கலந்த தோல் பதனிடும் ஆலைக் கழிவு பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் இருக்கிறது. ஆனால் எவ்வளவு நஷ்டம் என்று காட்ட ஆதாரம் வேண்டுமே?

நொய்யல் கரையோரத்து ஊர் ஒன்றில் ஒரு பெரியவர் கிணற்றிலிருந்து ஒரு சொம்பு மொண்டு நீட்டினார். "வாயில வெச்சுப் பாருங்க தம்பி. எங்கப்பன் காலத்துல இந்தத் தண்ணியிலதானுங்க சோறு ஆக்குவோம்." நாக்கில் பட்டதுமே கரித்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்தால், லிட்டருக்கு 4,000 மில்லிகிராமை நெருங்கியது. குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். வாய்க்கால் ஓரமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி உப்பு பூத்திருந்தது.

பெரியவர் வீட்டுக்குள் போய் ஒரு மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே ஈரோட்டு மஞ்சள் மண்டி பில்கள், வருடவாரியாக நூல் போட்டுக் கட்டியவை. திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குவிண்டாலை எழுதினேன். வருடத்துக்கு வருடம் இறங்கிக்கொண்டே வந்து, ஒரு வருடத்தோடு பில்லே நின்றுவிட்டது. மஞ்சளை விட்டுத் தென்னைக்கு மாறிய வருடம் அது.

பக்கத்துத் தோட்டக்காரரின் கிணறு ஆற்றுக்கு இன்னும் அருகில். சேதமும் கூடுதலாகத்தான் இருந்திருக்கும். "எங்கிட்டத் துண்டுக் காயிதங்கூட இல்லீங்களே" என்றார். அவர் பெயருக்கு நேராக ஊர்ச் சராசரியைத்தான் என்னால் போட முடிந்தது. அது அவருக்குக் குறைவு என்று தெரிந்தே போட்டேன். அட்டவணையின் அந்த ஒரு வரி இன்றும் மனதை உறுத்துகிறது.

நஷ்டம் பூஜ்யமாவதற்கு இன்னொரு வழியும் உண்டு. காலநிலைக் கணக்குகளில் பின்னால் வரப்போகும் சேதத்தை ஒரு தள்ளுபடி வீதம் வைத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவோம். 50 ஆண்டு கழித்து வரும் 100 ரூபாய் நஷ்டம், 10 சதவீதம் போட்டால் இன்றைக்கு வெறும் 85 பைசா. 3 சதவீதம் என்றால் சுமார் 23 ரூபாய். பிரிட்டன் பொருளியலாளர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் காலநிலை மாற்றம் பற்றிய 2006 அறிக்கையில் வைத்த 1.4 சதவீதத்தில் ஏறக்குறைய 50 ரூபாய். அந்த வீதம் மிகக் குறைவு என்று வாதிட்டவர் அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் நார்ட்ஹாஸ், 2018இல் நோபல் பெற்றவர். இன்னும் பிறக்காத பிள்ளைகள் சுமக்கப்போகும் சேதம் என்றால் நான் ஸ்டெர்ன் பக்கம். உங்கள் ஊருக்கு ஒரு திட்ட அறிக்கை வந்தால் எத்தனை சதவீதம் போட்டார்கள் என்று முதலில் கேளுங்கள்.

இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் பொருளியலோடு புள்ளியியலை நன்றாகப் படியுங்கள். கோடையில் நாள் முழுக்க வரப்பில் நடக்கும் பழக்கமும் வேண்டும்.

தோட்டம் வைத்திருப்பவர்கள், தண்ணீர் நன்றாக இருக்கும்போதே சோதித்து வையுங்கள். கெட்ட பிறகு எடுக்கும் சோதனையில் முன்பு எப்படி இருந்தது என்பது தெரியாது. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு முறை அலசி, ஒரு லிட்டர் பிடியுங்கள். தேதி, சர்வே நம்பர், கிணற்றின் ஆழம் மூன்றையும் எழுதி ஒட்டி, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். கட்டணம் சொற்பம்தான். கோடையில் ஒன்று, மழை முடிந்து ஒன்று என வருடத்துக்கு இரண்டு அறிக்கை. அதை மண்டி பில்லோடு சேர்த்து ஒரே பையில் போட்டு வையுங்கள்.